மணல் தாளில் எழுத்து வளர்த்த மரியா மாண்டிசோரி அம்மையார்

விஜயதசமி நாளன்று நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் நடைபெறும் ஒரு காட்சியை மாணவச் செல்வங்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, மூன்று நான்கு வயதுக் குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து அகரம் எழுதச் செய்வார் வீட்டுப் பெரியவர். அந்தக் குழந்தையின் கையில் எழுதுகோல் இல்லை. எதிரே ஏடும் இல்லை. ஆயினும் எழுத்தின் வடிவம் விரல் வழியாக உள்ளத்தில் பதிகின்றது. கண்ணுக்கு முன்னே கை எழுத்தை அறிந்து கொள்கின்றது.

இவ்வுண்மையை அறிவியல் முறையில் ஆராய்ந்து, ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கொண்டே உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே மரியா மாண்டிசோரி அம்மையார். இன்று நம் நாட்டிலும் பல பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் காணப்படுகின்றது. ஆனால் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் செய்த அரும்பணி யாது என்பதை அறிந்தவர் சிலரே. அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க அலுவலர். தாயார் ரெனில்தே நூல்களை விரும்பிப் படிப்பவர். மரியா குழந்தையாக இருந்தபோதே குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிது. கற்ற பெண்ணுக்கு ஆசிரியைத் தொழில் ஒன்றே தகும் என்று பலர் எண்ணினர். மரியாவோ மருத்துவம் பயில விழைந்தார். தந்தையார் அதை விரும்பவில்லை. தாயார் மகளுக்குத் துணை நின்றார். உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பின்னரும் இடையூறுகள் நீங்கவில்லை. ஆண் மாணவருடன் சேர்ந்து பிணக்கூறு ஆய்வு செய்வது தகாது என்று கருதப்பட்டமையால், அனைவரும் சென்ற பின்னர் அவர் தனியே அவ்வாய்வைச் செய்ய நேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் அஞ்சாமல் 1896-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களின் வரிசையில் அவரும் இடம்பெற்றார்.

தையல் கற்பித்த பாடம்

மருத்துவப் பணியின் பொருட்டு மாண்டிசோரி உரோமாபுரியின் மனநோய் மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்குப் பெரியவர்களுடன் ஒன்றாக அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். இவர்களுக்கு மருந்தினும் கல்வியே இன்றியமையாதது என்று அவர் உணர்ந்தார். இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த இதார், செகுவென் என்னும் பிரஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ஆம் ஆண்டில் இப்பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பட்ட பள்ளியை நடத்தும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

அங்கு 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் கைகளில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் எவ்வளவு முயன்றும் ஊசியை மேலும் கீழும் செலுத்தித் தைக்க அவளுக்கு வரவில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டுக் காகிதப் பட்டைகளைக் கொண்டு பாய் முடைய அவளுக்குக் கற்றுக் கொடுத்தார். ஒரு பட்டையின் மேலும் மறு பட்டையின் கீழுமாக விரல்கள் பழகின. சில நாள் கழித்து மீண்டும் ஊசியை அவள் கையில் கொடுத்தபோது அவள் தடையின்றித் தைத்தாள்.

சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் அதிலிருந்து பெரியதொரு கருத்தை அவர் கண்டெடுத்தார். ஒரு வேலையைச் செய்யச் சொல்லுமுன், அவ்வேலைக்கு வேண்டிய அசைவுகளைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும். கை பழகிவிட்டால் வேலை தானாக வரும். தையலுக்குப் பொருந்தும் இந்த விதி எழுத்துக்கும் பொருந்தாதா என்று அவர் சிந்தித்தார். மரத்தால் செய்த தொடரெழுத்து வடிவங்களைப் பிள்ளைகளின் விரலால் வருடச் செய்தார். படிக்கவே இயலாதவர் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதிய பொதுத் தேர்விலும் தேறினர்.

ஊரார் வியந்து பாராட்டினர். மாண்டிசோரியின் சிந்தனையோ வேறு திசையில் சென்றது. குறையுடைய பிள்ளைகளே இவ்வளவு செய்ய இயலுமாயின், நலமுடன் இருக்கும் பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் பின்தங்கிக் கிடக்கின்றனர் என்னும் கேள்வி அவர் உள்ளத்தை வருத்தியது.

சான் லொரன்சோவின் பிள்ளைகள்

உரோமாபுரியில் சான் லொரன்சோ என்பது தொழிலாளர் வாழ்ந்த ஏழ்மையான பகுதி. அங்கு வீட்டு நிறுவனம் ஒன்று பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துக் குடும்பங்களைக் குடியேற்றியது. தந்தையும் தாயும் காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயதை எட்டாத சிறார்கள் படிக்கட்டுகளில் ஓடியும் சுவர்களைக் கீறியும் திரிந்தனர். கட்டடம் பாழாகின்றதே எனக் கவலையுற்ற நிறுவனத்தார், இப்பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாண்டிசோரியிடம் ஒப்படைத்தனர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவ்வில்லம் திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்பது அதன் பெயர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கு வந்து சேர்ந்தனர்.

நம் பெற்றோருக்கு இக்காட்சி புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் நம் தோட்டங்களில் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளிலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள் என்னும் நிலையே பல இடங்களில் நிலவியது. சான் லொரன்சோவின் பெற்றோர் பலர் எழுத்தறியாதவர். சம்பள நாளில் கைநாட்டு வைத்த நம் முன்னோரைப் போன்றவர்.

அந்தத் தாய்மார்களே மாண்டிசோரியிடம் வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். ஆறு வயதுக்கு முன் எழுத்துக் கற்பித்தல் கூடாது என்று அக்காலக் கல்வியாளர் பலரும் எண்ணியிருந்தனர். மாண்டிசோரியும் முதலில் தயங்கினார். ஆனால் தாய்மார்களின் வேண்டுதலைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை.

கையைப் பழக்கிய முறை

அக்காலப் பள்ளிகளில் எழுத்துப் பாடம் நேர்கோடுகளில் தொடங்கும். பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் கோடு இழுக்க வேண்டும். அதன் பின்னரே வளைவுகள் வரும். பிஞ்சுக் கைக்கு நேர்கோடு எளிதன்று என்பதை மாண்டிசோரி கண்டார். கோடு கோணினால் கண்டிப்பு, கண்டிப்பினால் அச்சம், அச்சத்தினால் வெறுப்பு என எழுத்துப் பாடம் துன்பமாக மாறியது.

அவர் எழுதும் செயலை இரண்டாகப் பிரித்தார். எழுதுகோலைப் பிடித்து ஆளும் ஆற்றல் ஒன்று. எழுத்தின் வடிவத்தை அறியும் ஆற்றல் மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான் குழந்தை இடர்ப்படுகின்றது. எனவே இரண்டையும் தனித்தனியே பழக்கினார்.

எழுதுகோல் பழக்கத்திற்கு வட்டம், சதுரம் முதலிய வடிவங்கள் வெட்டப்பட்ட உலோகத் தகடுகள் இருந்தன. தகட்டைத் தாளின் மேல் வைத்து விளிம்பை ஒட்டிக் கோடு வரைந்து, அதன் உட்புறத்தை வண்ணக்கோலால் நிரப்ப வேண்டும். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்தனர். அவர்கள் அறியாமலே விரல்கள் உறுதி பெற்றன.

வடிவத்தை அறிவதற்கு மணல் தாள் எழுத்துகள் உதவின. தச்சர்கள் மரத்தைத் தேய்த்து மெருகேற்றுவார்களே, அந்த உப்புத்தாள்தான் அது. மரத்தால் எழுத்துகள் செய்து வாங்க வசதி கிட்டாமையால், மாண்டிசோரி உப்புத்தாளைத் தொடரெழுத்து வடிவில் வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார். உயிரெழுத்துகளுக்கு ஒரு நிறம், மெய்யெழுத்துகளுக்கு மற்றொரு நிறம். எழுதும் திசையிலேயே குழந்தை அதை விரலால் வருட வேண்டும். வழி தவறினால் விரல் வழவழப்பான பகுதிக்குச் சென்றுவிடும். ஆசிரியர் சொல்லாமலே பிழை புலப்படும். முதலில் சுட்டுவிரலாலும், பின்னர் சுட்டுவிரல் நடுவிரல் இரண்டாலும், இறுதியில் எழுதுகோலைப் போன்ற சிறு குச்சியாலும் வருடுவர்.

வருடும்போதே ஆசிரியை அவ்வெழுத்தின் ஒலியைக் கூறுவார். அடுத்து, அவ்வொலியைச் சொல்லி அதற்குரிய அட்டையை எடுத்துத் தரச் சொல்வார். மூன்றாவதாக அட்டையைக் காட்டி ஒலியைக் கேட்பார். குழந்தை தவறினால் கடிந்துரைப்பதில்லை. மற்றொரு நாள் மீண்டும் தொடங்குவர். கண், காது, கை மூன்றும் ஒருங்கே கற்றன. அதன்பின் தாளில் வெட்டிய தனி எழுத்துகளை அடுக்கிச் சொற்களை உருவாக்கினர். இத்தாலிய மொழியில் பெரும்பாலும் ஒலிக்கேற்ப எழுத்து அமைவதால் இம்முறை எளிதாகப் பலித்தது. நம் தமிழும் தேசிய மொழியாகிய மலாயும் இவ்வகையில் இத்தாலிய மொழிக்கு உறவினரே.

மொட்டை மாடியில் மலர்ந்த எழுத்து

1907-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒருநாள். குளிர்காலமாயினும் வெயில் இதமாக இருந்தது. மாண்டிசோரி பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றார். புகைபோக்கி ஒன்றின் அருகில் அமர்ந்தவர், பக்கத்தில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணாம்புக்கோலைக் கொடுத்து அதைப் படமாக வரையுமாறு கூறினார். அவன் தரையில் வரைந்து முடித்தான். அவர் பாராட்டினார். சிறுவன் அவரை நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தான். ஒரு கணம் தயங்கினான். பின்னர் தனக்கு எழுத வருகின்றது என்று உரக்கக் கூவிக்கொண்டே மண்டியிட்டுக் கை என்னும் பொருளுடைய சொல்லை எழுதினான். தொடர்ந்து புகைபோக்கி, கூரை என்னும் பொருளுடைய சொற்களையும் எழுதினான். எழுதுமாறு எவரும் அவனைப் பணிக்கவில்லை. அதுவரை அவன் ஒரு சொல்லையும் எழுதியதில்லை.

அவன் கூவலைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடி வந்தனர். அவர்களுள் சிலர் தாமும் சுண்ணாம்புக்கோல் கேட்டு வாங்கி எழுதினர். அடுத்த நாள்களில் தரையிலும் கதவிலும் சுவரிலும் எழுத்துகள் பூத்தன. வீட்டிலும் இதே நிலைதான். ரொட்டியின் மேலோட்டில்கூட எழுத்து இருப்பதைக் கண்ட தாய்மார்கள் தாளும் எழுதுகோலும் வாங்கிக் கொடுத்தனர். ஒரு குழந்தை பகலெல்லாம் எழுதி, இரவில் தாளையும் எழுதுகோலையும் கையில் பிடித்தபடியே உறங்கிப்போயிற்று என்று அதன் தாய் வந்து கூறினார். சுவரைக் கீறுகின்றனர் என்பதற்காக அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள், அச்சுவரில் சொற்களை எழுதக் கற்றுக்கொண்டனர்!

பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து முதற்சொல் எழுதும் நாள் வரை நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு திங்கள் முதல் ஒன்றரைத் திங்கள் வரையும், ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு திங்களும் போதுமாயிருந்தன என மாண்டிசோரி கணக்கிட்டார். இம்முறையை விளக்கி 1909-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல், 1912-ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பல நாட்டு ஆசிரியர்கள் உரோமாபுரியை நாடி வந்தனர்.

மணல் எழுத்து நம் முன்னோரின் சொத்து

விரலால் எழுத்தைக் கற்பிக்கும் வழக்கம் தமிழ் மண்ணில் தொன்றுதொட்டு இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதியே அரிச்சுவடி கற்றனர். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆதரவற்ற சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பாளராக இருந்த ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் முன்வராதபோது மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797-ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்னும் பெயரில் அது இங்கிலாந்து முழுதும் பரவியது. அரும்பொருளை நாம் திண்ணையில் வைத்திருந்தோம்; அதன் மதிப்பை அயலார் கண்டுகொண்டனர்.

அடையாற்றில் அம்மையார்

மாண்டிசோரியின் பிற்கால வாழ்வு போராட்டம் நிறைந்தது. இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. ஆனால் குழந்தைகளின் சுதந்திரத்தை வலியுறுத்தும் கல்வியும், கீழ்ப்படிந்து போரிடும் படையை விரும்பும் ஆட்சியும் நெடுநாள் ஒத்துப்போக இயலுமோ? 1934-ஆம் ஆண்டளவில் அவர் தாய்நாட்டை விட்டு நீங்கினார். அங்கிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சியும் அவ்வாறே செய்தது. ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனாவில் வாழ்ந்தார். 1936-ஆம் ஆண்டில் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1939-ஆம் ஆண்டு, தம் 69-ஆவது வயதில், பிரம்மஞான சங்கத்தின் அழைப்பை ஏற்று மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடைபெற்றன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்கு வந்திருந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரையாற்றுவார். மாரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார்.

சில திங்கள் தங்கித் திரும்பவே அவர் எண்ணியிருந்தார். ஆனால் 1940-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவில் தாயும் மகனும் பகை நாட்டவர் ஆயினர். மாரியோ முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டளை பிறந்தது. முதுமையில் மகனைப் பிரிந்த துயரம் எத்தகையது என்பதைப் பெற்றோர் அறிவர். ஆகஸ்டு 31-ஆம் நாள், அவருடைய 70-ஆவது பிறந்தநாளில், மாரியோவை விடுவித்து அரசாங்கம் தாயிடம் சேர்ப்பித்தது.

போர்க்கால ஆண்டுகளைக் கொடைக்கானல் மலையிலும் அவர் கழித்தார். அங்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதையும் விட்டுவிடவில்லை. 1944-ஆம் ஆண்டில் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1946-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்து 1949 வரை பணியாற்றினார். உலக அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிட்டவில்லை.

1952-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள் நெதர்லாந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் அவருடைய பள்ளிகளை மூடிய அதே இத்தாலி நாடு, பின்னாளில் தன் 1000 லிரா பணத்தாளில் அவருடைய உருவத்தைப் பொறித்து மதித்தது.

நாம் கொள்ள வேண்டியது

நம் சுங்கை வே வட்டாரத்தில் 1972-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது. தோட்டத்துக்குச் சென்ற கால்கள் பல தொழிற்சாலைக்குச் செல்லத் தொடங்கின. வேலை மாறினும் பெற்றோரின் களைப்பு மாறவில்லை. மாலையில் வீடு திரும்பும் தாய், பிள்ளையின் கோணல் எழுத்தைக் கண்டு சினங்கொள்வது இயல்பே. அச்சினத்திற்கு முன் அம்மையாரின் வாழ்வை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பிள்ளை எழுத மறுக்கின்றது எனில், அதன் கை இன்னும் பழகவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். அடியால் கை பழகாது.

செலவு ஒன்றும் வேண்டா. தட்டில் சிறிது மணலோ அரிசியோ பரப்புங்கள். ஒரு நாளைக்கு ஓரெழுத்துப் போதும். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யுங்கள். அவரைக்காய் ஆய்வதும், மணி கோப்பதும், கோலமாவைக் கிள்ளிக் கோடு இழுப்பதும் விரலுக்கு நல்ல பயிற்சிகளே. எழுத்தறியாத பாட்டியும் இவற்றைப் பேரப்பிள்ளைக்குக் கற்றுத்தரலாம். நம் எழுத்துகளில் இகரமும் ஞகரமும் ணகரமும் சுழித்துச் செல்வன. அச்சுழிகளை விரல் முதலில் அறியட்டும். எழுதுகோல் பின்னர் அறியும்.

மாணவர்களே, மலாய்ப் பாடத்தில் துலிசான் பெராங்காய் என்னும் தொடரெழுத்தை எழுதும்போது உங்கள் கை சில வேளை தடுமாறலாம். மனந்தளர வேண்டா. எழுத்தைக் காற்றில் ஒருமுறை, மேசையின் மேல் விரலால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பின்னர் ஏட்டில் எழுதுங்கள். அழகிய கையெழுத்து பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் வரமன்று. பொறுமையுடன் கை பெறும் பழக்கமே ஆகும்.

சான் லொரன்சோவின் மொட்டை மாடியில் அச்சிறுவன் எழுதிய முதற்சொல் கை என்பதே. நம் முன்னோர் பலர் கைநாட்டு வைத்த கைகளால் உழைத்து நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர். அவர்களுடைய பெயரை அழகாகவும் பிழையின்றியும் எழுதிக் காட்டுவது நம் கைகளின் கடமையாகும்.